டிஸ்ப்ரோசியமும் பைன் குஷனும்

லேனர்பாக்,
நவம்பர் 3

அன்பு மகள் பூர்கிக்கு,

அப்பா எழுதுவது. கடிதத்தைப் பார்த்ததும் ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லாரும் இருக்கிறோம். பக்கத்து வீட்டு ஹியாஸின் கிழட்டுப் பசுகூட இருக்கிறது. ஃபோன் பண்ணாமல் எழுதுவதற்குக் காரணம் என் காது. மலைக்கு ஆளேற்றும் சேர்லிஃப்டின் கீழ் ஸ்டேஷனில், அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாழ்நாளெல்லாம் ஜனங்களை நாற்காலியில் உட்காரவைத்து மேலே அனுப்பினவன் நான். ஜனங்களின் முகத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பென்ஷனோடு மிச்சமானது இந்தக் காதுதான். ஃபோனில் நீ பேசுவது ஜல்லி அரைக்கிற மாதிரி இருக்கிறது. நான் "என்ன? என்ன?" என்கிறேன். நீ "ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். அந்த "ஒண்ணுமில்லப்பா" மட்டும் எப்படியோ தெளிவாக விழுந்துவிடுகிறது.

முந்தாநாள் நடந்ததைப் பற்றி. புனிதர்கள் திருநாளில் கல்லறைக்குப் போய்விட்டு எல்லாரும் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "எம் பொண்ணு உலகத்துலயே ஜில்லுன்னு இருக்கிற சாமானைச் செய்றா. ஆனா அதை வெச்சு ஒரு பீரைக்கூடக் குளிரவைக்க முடியாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால்தான் "அது எப்பதாம்மா முடியும்?" என்றும் கேட்டுவைத்தேன். நீ சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய்.

நீ மட்டும் சும்மா இருந்தாயா? ஹியாஸ் பாவம், பஸ் டூரில் வாங்கின காந்தப் போர்வையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "காந்தம் முதுகுவலியைக் குணப்படுத்தும்னா எந்த ஃப்ரிட்ஜுக்கும் முதுகு வலிக்கக் கூடாதே மாமா" என்றாய். அவன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த டூருக்கு நானும்தான் போனேன். ஏரியைப் பார்க்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு ஷ்னிட்ஸல் இலவசம் என்றார்கள். ஏரியைப் பார்க்கவே விடவில்லை. ஒரு ஹாலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, காந்தச் சாமான் விற்கிற ஒரு கோட்டு போட்ட ஆள் பேசினான், பேசினான், அப்படிப் பேசினான். ஹியாஸ் ஏமாந்தான். எனக்கு ஏரியைப் பார்க்க முடியாத வருத்தம் மட்டும்தான்.

இத்துடன் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று, சாம்பல் சீஸ் ஒன்று. சீஸ் நாறும் என்று தனியாகக் கட்டியிருக்கிறேன், போஸ்ட் ஆபீஸ்காரர்களும் மனிதர்கள்தானே. கூடவே மலைப் பைன் சீவல் அடைத்த குஷன். அந்த ஆய்வுக்கூட மேசைமேல் குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகிறது என்றாயே. உன் நாற்காலியில் போட்டுக்கொள். நானே தைத்தது. தையலைப் பார்த்துச் சிரிக்காதே.

அப்பா

*

இன்ஸ்ப்ரூக்,
நவம்பர் 12

அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. இறைச்சியைப் பாதிக்குமேல் கோர்பினியன் தின்றுவிட்டான். என்னோடு இதே ஆய்வில் இருக்கும் பவேரியாக்காரன். சீஸை ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். குஷன் நன்றாக இருக்கிறது. ஆனால் மரச்சீவல் இவ்வளவு கனமாகவா இருக்கும்?

"எப்ப முடியும்" என்று கேட்டீர்கள். ஊரே சிரிக்கிற இடத்தில் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு வகை அணுக்களை ஒன்றாகக் குளிரவைக்கிறோம். ஒன்று பொட்டாசியம், இன்னொன்று டிஸ்ப்ரோசியம். இரண்டும் ஃபெர்மியான் என்ற ஜாதி. ஒரே மாதிரியான இரண்டு ஃபெர்மியான்கள் அந்தக் குளிரில் ஒன்றையொன்று நெருங்கவே நெருங்காது. மோதினால்தான் சூடு கைமாறும். மோதாதது குளிராது. பொட்டாசியத்தைத் தனியாக விட்டால் அப்படியே நிற்கும். டிஸ்ப்ரோசியம் மட்டும் வேறு மாதிரி. அதற்குக் காந்த குணம் ரொம்ப அதிகம். தூரத்திலிருந்தே ஒன்றையொன்று உணர்ந்து தள்ளிக்கொள்ளும். அதனால் தானும் குளிரும், பக்கத்தில் இருக்கிற பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், லேசர் ஒளியால் ஆன ஒரு கிண்ணத்தில் நடக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துவோம். சூடாகத் துள்ளுகிறவை வெளியே போய்விடும், மிச்சம் இருப்பவை அடங்கும். கடைசியில் ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்குதான் பாக்கி இருக்கும். இதுவரை டிஸ்ப்ரோசியம் தனியாக அந்தக் குளிருக்கு வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வரவேண்டும். வந்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஈர்ப்பை நாங்களே கூட்டலாம், குறைக்கலாம். அப்போது அவை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவும்.

ஜனவரிக் கடைசியில் பேராசிரியை ஹாஸ்ல்வான்டர் முடிவெடுப்பார். இந்தக் கலவையை இனி ஒருவர்தான் நடத்தவேண்டும், நானோ கோர்பினியனோ. மற்றவர் பக்கத்து அறையில் புது லேசர் கட்டப் போகவேண்டும். அந்தக் கண்ணாடிக் கூண்டில் திருகாணி மாட்டினதிலிருந்து நான் இங்கே இருக்கிறேன். எனக்கு லேசர் கட்டப் பிடிக்காது.

பீரைக் குளிரவைக்க முடியாது. அது உண்மைதான்.

பூர்கி

*

லேனர்பாக்,
நவம்பர் 21

அன்பு மகளுக்கு,

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தரம் புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாம் தரம் படித்திருக்கக் கூடாது.

ஆனாலும் சொல்கிறேன், இது நம் மதுக்கடைதான். லேனர்பாக்காரர்கள் இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வெளியூரான் ஒருவன் வந்து நடுவில் உட்கார்ந்தால்தான் பேச்சு கைமாறும். சத்தம் போடுகிறவர்கள் முதலில் எழுந்து போவார்கள், அப்புறம் கடை அடங்கும். கடைக்காரி விளக்கை ஒவ்வொன்றாக அணைப்பதுதான் நீ சொன்ன கிண்ணம். சரிதானே? தப்பாக இருந்தால் சொல்லாதே, நான் ஏற்கனவே ஹியாஸிடம் விளக்கிவிட்டேன்.

அவன் கேட்டான், "அந்த டிஸ்ப்ரோ என்னமோ, அது எங்கடா கிடைக்கும்?"

"நீ வாங்குற கடையில கிடைக்காது" என்றேன்.

"உன் பொண்ணுக்கு சம்பளம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

"அப்ப சரி. எதை வேணா குளிரவைக்கட்டும்."

ஹியாஸின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. காந்தப் போர்வையை உடம்பில் சுற்றிக்கொண்டு தூங்குகிறான். அவன் தாத்தா காலத்துக் கைக்கடிகாரம் நின்றுபோனதுதான் மிச்சம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

குஷனில் கனம் ஏன் என்று கேட்டாய். சீவலோடு செர்ரிக் கொட்டையும் கொஞ்சம் போட்டேன். லேசாக இருந்தால் நழுவும் அல்லவா? அதற்குத்தான்.

நீ லேசர் கட்டப் போகவேண்டாம். அந்தப் பவேரியாக்காரனை அனுப்பு. அவர்களுக்கு எதையாவது கட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி.

அப்பா

*

இன்ஸ்ப்ரூக்,
டிசம்பர் 11

அப்பாவுக்கு,

உங்கள் மதுக்கடை கிட்டத்தட்ட சரி. அதைச் சொல்ல எழுதவில்லை.

இங்கே ஒன்று சரியில்லை. நானும் கோர்பினியனும் நாள் மாற்றி நாள் ஆய்வை ஓட்டுகிறோம். அவன் நாளில் ஓடுகிறது. என் நாளில் செத்துப்போகிறது. அதே கருவி, அதே லேசர், அதே எண்கள். காலையில் எல்லாம் அளந்து சரிபார்த்துவிட்டு வந்து உட்காருவேன். மதியத்துக்குள் டிஸ்ப்ரோசியத்தில் பாதி கிண்ணத்தைவிட்டுக் காணாமல் போயிருக்கும். சாய்ந்துகொள்ள ஆள் இல்லாமல் பொட்டாசியம் சூடாகவே நிற்கும். மறுநாள் அவன் வருவான், உட்காருவான், ஓடும்.

முதலில் சிரித்தோம். "உன் கை ராசி அப்படி" என்றான். நேற்று சிரிக்கவில்லை.

"நீ எதையோ தொடுற பூர்கி."

"எதைத் தொடுறேன்? சொல்லு."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எனக்கு ஓடுது, உனக்கு ஓடலை. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் மாட்டின திருகாணி அது. அதுல உனக்கு ஓடுது."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அவனோடு எதற்கெடுத்தாலும் சண்டையாகிறது. உங்கள் குஷனைக்கூட விடுவதில்லை. பைன் வாசனைக்குத் தும்மல் வருகிறதாம். அவன் நாளில் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத் தூக்கித் தாழ்வாரத்தில் எறிந்துவிடுவான். மறுநாள் நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். எங்கள் மேசை கண்ணாடிக் கூண்டு இருக்கும் அறைக்கு அடுத்த பக்கம். நடுவில் மெல்லிய சுவர்தான். நாள் முழுக்க அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் குஷன் ஒன்றுதான் சுகம்.

அடுத்த கடிதத்தில் தயவுசெய்து வேடிக்கையாக எதுவும் எழுதவேண்டாம்.

பூர்கி

*

லேனர்பாக்,
டிசம்பர் 18

அன்பு மகளுக்கு,

வேடிக்கையாக எழுதாதே என்றாய். எழுதவில்லை. அதனால்தான் கடிதம் இவ்வளவு சின்னது.

நான் புதிதாக லிஃப்டில் சேர்ந்தபோது என் கையில் மட்டும் நாற்காலி ஜனங்களின் முழங்காலில் இடிக்கும். அடுத்தவன் நின்றால் இடிக்காது. ஒரு குளிர்காலம் முழுக்க என்னைச் சபித்தார்கள். பிறகு தன்னால் சரியாகிவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. இது உனக்கு உதவுமா என்று யோசித்தேன். உதவாது என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

அங்கும் இங்கும் ஓடாதே. எழுந்து எழுந்து போய் எதையும் திருகாதே. குஷனைப் போட்டுக்கொண்டு நிதானமாக அதே இடத்தில் உட்கார். அந்தப் பவேரியாக்காரன் எறிந்தால் மறுபடி எடுத்துக்கொண்டு வா.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? உன் அம்மா கிராட்ஸிலிருந்து வழக்கம்போல எனக்கு ஒரு சாக்ஸ் அனுப்பியிருக்கிறாள். பிரிந்துபோன பிறகும் என் காலைப் பற்றிக் கவலைப்படுகிற பெண்பிள்ளை. கெண்டை மீன் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா

*

இன்ஸ்ப்ரூக்,
ஜனவரி 8

அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னியுங்கள். கெண்டையை ஹியாஸ் மாமா தின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

காரணம் இதுதான். விடுமுறையில் கோர்பினியன் ஊருக்குப் போய்விட்டான். அவன் இல்லாமல், எந்தச் சண்டையும் இல்லாமல், நான் மட்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று இருந்தேன். நீங்கள் சொன்னபடி எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். ஒரு நாள்கூட ஓடவில்லை. ஒரே ஒரு நாள்கூட. அவன் திரும்பி வந்தான். அன்று மதியமே ஓடியது.

பேராசிரியை எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சோதித்தார். டிஸ்ப்ரோசியத்துக்குக் காந்தம் என்றால் உயிர். அது எந்தக் காந்தப் புலத்தில் நிற்கிறது என்பதை ஒரு மயிரிழை மாற்றினால் போதும், ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரிக் கும்பல் கும்பலாகக் காணாமல் போகும். அதனால் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் காந்தம் எதுவும் வரக் கூடாது என்பது சட்டம். ஃபோன், ஹெட்ஃபோன், காந்த முனை ஸ்க்ரூடிரைவர், கைப்பைக் கொக்கி, எல்லாவற்றையும் தேடினோம். நான் காதில் போட்டிருக்கும் தோட்டைக்கூடக் கழற்றிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

ஆக, மிச்சம் இருப்பது நான்தான்.

திங்கட்கிழமை பேராசிரியையைப் பார்த்து, கலவையைக் கோர்பினியனே நடத்தட்டும் என்று சொல்லப்போகிறேன். அவர் சொல்லி நான் போவதைவிட நானே போவது மேல். நீங்கள் கேட்டீர்களே, எப்போது முடியும் என்று. திங்கட்கிழமை முடியும்.

பூர்கி

*

லேனர்பாக்,
ஜனவரி 10, காலை

பூர்கி,

இதை பஸ் ஓட்டுகிற ரோஸ்விதாவிடம் கொடுத்து, உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. முதலில் ஃபோன் பண்ணினேன். யாரோ எடுத்தார்கள். ஜல்லி அரைத்தது. நீயா, அந்தப் பவேரியாக்காரனா, பேராசிரியையா என்று தெரியவில்லை. யார் என்றே தெரியாத ஒருவரிடம் இதைக் கத்த எனக்குத் தைரியம் வரவில்லை. வைத்துவிட்டேன்.

குஷனைத் தூக்கி வெளியே போடு. உடனே. மிச்சத்தை அப்புறம் படி.

போட்டாயா?

அதில் செர்ரிக் கொட்டை கிடையாது. காந்தம் இருக்கிறது.

அந்த பஸ் டூரில் ஏமாந்தது ஹியாஸ் மட்டும் இல்லை. அந்தக் கோட்டுக்காரன் என்னைத்தான் முதலில் பிடித்தான். "ஐயா, உங்க வீட்ல யாருக்காவது முதுகுவலி உண்டா?" என்றான். "எனக்கில்லைங்க, எம் பொண்ணுக்கு" என்றேன். என் வாயை என்ன சொல்ல! "பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க?" "குனிஞ்சே பாக்குற வேலைங்க." "அப்ப உங்க பொண்ணு முதுகுக்கு நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் உன் முதுகுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. முதுகுக்கு வைக்கிற ஒரு காந்த அட்டைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விலையைக் கேட்காதே.

பலம் குறைந்த காந்தம்கூட இல்லை. "மத்தவங்க குடுக்குற சாதா காந்தம் இல்லைங்க இது" என்று ஒரு சுத்தியலைத் தூக்கிக் காட்டினான். அதுவும் உண்மைதான், எங்கள் வீட்டுக் கரண்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது.

நீ வரும்போது கையில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். கல்லறையிலிருந்து திரும்பி அந்த மேசையில் உட்கார்ந்ததும் ஹியாஸிடம் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொன்னாய். எல்லாரும் ஹியாஸைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. அதற்குப் பிறகு எப்படிக் கொடுப்பது? தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. பைன் குஷனைப் பிரித்து அந்தக் காந்த அட்டையை நடுவில் வைத்துத் தைத்தேன். தெரியாமல் இருந்தால் உன் முதுகு குணமாகும், குணமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

உன் டிசம்பர்க் கடிதத்தில் சுவர், மேசை, குஷன் எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேற்றுக் கடிதத்தில் காந்தம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். சட்டி கருகிப்போய்விட்டது.

அது நீ இல்லை பூர்கி. அது நான். திங்கட்கிழமை போகாதே.

அப்பா

*

இன்ஸ்ப்ரூக்,
ஜனவரி 11

குஷனைத் தாழ்வாரத்தில் வைத்துக் கத்தரித்தேன். கத்தரிக்கோல் அதோடு ஒட்டிக்கொண்டது.

நானாக எழுதும்வரை நீங்கள் எழுதவேண்டாம்.

பூ.

*

லேனர்பாக்,
ஜனவரி 19

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, ஒரு தகவல்.

ஃபோனில் ஒரு விஷயத்தைக் கத்தக்கூட முடியாதவன் இனிமேல் ஃபோன் வைத்திருந்து என்ன பயன் என்று காதுக் கருவி வாங்கிவிட்டேன். ஹியாஸின் மனைவி எவ்வளவு பேசுகிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஹியாஸுக்கு ஏன் முதுகு வலிக்கிறது என்றும் தெரிகிறது.

தகவல் முடிந்தது.

அப்பா

*

இன்ஸ்ப்ரூக்,
பிப்ரவரி 2

அப்பாவுக்கு,

அந்தத் திங்கட்கிழமை நான் பேராசிரியையிடம் போனேன். ராஜினாமாவோடு இல்லை, கிழிந்த குஷனோடு. கோர்பினியனும் உடன் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் டூர், ஷ்னிட்ஸல், கோட்டுக்காரன், எதையும் விடவில்லை. சொல்லி முடிப்பதற்குள் என் காது சிவந்துவிட்டது. பேராசிரியை சிரிக்கவில்லை. "எங்க அம்மாவும் அப்படி ஒரு மெத்தை வாங்கினாங்க" என்றார். பிறகு, "சரி, இது கதை. நிரூபணம் எங்க?" என்றார்.

அதனால் சோதித்தோம். என் நாற்காலியை அதன் இடத்திலேயே விட்டு, அதை மறைத்து ஒரு துணித்திரை கட்டினோம். கோர்பினியன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் குஷனை நாற்காலியில் வைப்பான், பூ விழுந்தால் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோவான். எதைச் செய்தான் என்று எனக்குச் சொல்லமாட்டான். நான் அணுக்களின் படத்தை மட்டும் பார்த்து, குஷன் எங்கே இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

"உள்ள."

"ம்."

"வெளிய."

"ம்."

"உள்ள. இல்ல இரு, நீ அதைக் கையில வெச்சிட்டு வாசல்லயே நிக்கிற."

திரைக்குப் பின்னால் குஷன் பொத்தென்று விழுந்தது. பிறகு, "இந்தப் பொண்ணு சூனியக்காரி" என்று கேட்டது. உடனே ஒரு தும்மலும்.

ஒரு தரம்கூடத் தப்பவில்லை. நான் சூனியக்காரி இல்லை. டிஸ்ப்ரோசியம் அவ்வளவு கூர்மையானது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல பலமான காந்தங்கள் செய்யும்போது சில சமயம் அதே டிஸ்ப்ரோசியத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்களாம். உங்கள் கோட்டுக்காரன் சொன்னது உண்மையாக இருந்தால், என் அணுக்களின் உறவுக்காரர்களே என் நாற்காலியில் உட்கார்ந்து சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான விஷயம். குஷன் இருந்தால் அணுக்கள் விழுகிற பள்ளம் எங்கே என்று என்னிடம் அளவு இருந்தது, வாரக்கணக்கில், என் தோற்ற நாட்கள் எல்லாவற்றிலும். அதைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது, கோர்பினியனின் நல்ல நாட்களில்கூட நாங்கள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தோம் என்று தெரிந்தது. அவன் விழவில்லை, அவ்வளவுதான். நான் காந்தப் புலத்தை எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளினேன். வியாழக்கிழமை இரண்டும் சேர்ந்து வந்தன. பொட்டாசியமும் டிஸ்ப்ரோசியமும், ஒரே கிண்ணத்தில், ஒரே குளிரில். அவன் நாளில் கண்டதைவிட நன்றாக. பேராசிரியை படத்தைப் பெரிதாக்கி இரண்டையும் தானே அளந்து பார்த்தார். பிறகு என்னிடம், "நீயே நடத்து" என்றார்.

கோர்பினியன் லேசர் கட்டப் போகிறான். "ஒரு குஷன்கிட்டத் தோத்தேன்னு ஊர்ல சொல்ல முடியாது, வேற காரணம் யோசிச்சுக் குடு" என்கிறான். கெட்டவன் இல்லை.

உங்கள்மேல் கோபம் போயிற்றா என்று கேட்பீர்கள். காந்தத்துக்காகக் கோபம் இல்லை. செர்ரிக் கொட்டை என்று எழுதினீர்களே, அதற்குத்தான். நேரே கேட்டேன், நேரே பொய் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு குளிர்காலம் முழுக்க என் கையையே நான் சந்தேகப்பட்டேன். ஆனால் உங்களுக்கு அந்தப் பொய்யை எழுதவைத்தது நான் மதுக்கடையில் அடித்த ஜோக். இதையும் யோசித்தேன். யோசித்துவிட்டு ஹியாஸ் மாமாவுக்கு ஒரு கார்டு போட்டேன்.

மார்ச்சில் ஒருநாள் வாருங்கள். காட்டுகிறேன். வாசலில் கோர்பினியன் உங்களைச் சோதிப்பான்.

முதுகு இப்போது வலிக்கவில்லை. அது குஷனால் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பூர்கி

*

லேனர்பாக்,
மார்ச் 9

அன்பு மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரோஸ்விதா பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மதுக்கடையில் நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அவள் எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டாள்.

உன் பவேரியாக்காரன் தங்கமான பையன். வாசலில் என்னைப் பார்த்ததும், "ஐயா, பாக்கெட்டுல என்ன இருக்கோ எல்லாம் இந்தத் தட்டுல" என்றான். சாவி, சில்லறை, பேனாக்கத்தி, எல்லாம் வைத்தேன். அவன் கேட்காமலே பெல்ட்டையும் கழற்றினேன். "பெல்ட் வேணாங்க ஐயா" என்றான். "தம்பி, நான் ஏற்கனவே இந்தக் கட்டடத்துக்கு நிறையச் செஞ்சிட்டேன், இனி ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்றேன். அதனால்தான் நீ காட்டிக்கொண்டு போன நேரமெல்லாம் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பாய். பேராசிரியை கைகொடுக்க வந்தபோது எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல் குனிந்து வணங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. மங்கலாக, பக்கத்தில் பக்கத்தில். அவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன், இனிமேல் உன்னிடம் பொய்யே சொல்வதாக இல்லை. அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். நீ திரையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தாய். கையை விரித்தாய், மூடினாய், இரண்டு விரலை ஒன்றோடு ஒன்று உரசினாய். சின்ன வயதில் லிஃப்ட் ஸ்டேஷனுக்கு வந்து பல்சக்கரத்தைக் காட்டி என்னிடம் மூச்சுவிடாமல் கேள்வி கேட்பாயே, அதே முகம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நீ கடைசியில் என்னமோ கேட்டாய். நான் அதற்கும் தலையாட்டினேன். நீ சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினாய். அது என்ன கேள்வி என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால், பூர்கி, காதுக் கருவிக்குள்ளும் ஒரு குட்டிக் காந்தம் உண்டு என்று அதை விற்ற டாக்டர் சொல்லியிருந்தார். வாசலிலேயே கழற்றித் தட்டில் வைத்துவிட்டேன். நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

அதனால் நீ அங்கே சொன்ன அத்தனையையும் நிதானமாக எனக்கு எழுது. எப்போது முடியும் என்று இனி கேட்கமாட்டேன். நீளமாகவே எழுது.

அப்பா